சோதனைக்கு முன்னால் ஒரு மாத்திரை

அந்த ஆளுக்கு பாஸ்மார்க் என்று பட்டப்பெயர். பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் பாஸ்மார்க் வாங்காதவன் என்பதால் வந்த பெயர் என்று ஊரில் சொல்வார்கள். தன் கை பட்டால் எந்த ஓட்டை வண்டியும் பாஸாகிவிடும் என்பதால் வந்த பெயர் என்று அவன் சொல்லிக்கொள்வான். இரண்டுமே உண்மைதான். முதலாவது கொஞ்சம் கூடுதல் உண்மை.

வண்டிகளைச் சோதித்துத் தகுதிச் சான்றிதழ் கொடுக்கிற அரசாங்க மைதானத்தின் பின்சுவரை ஒட்டி அவனுடைய பட்டறை. நாலு தகரம், ஒரு குழி, சுவரெல்லாம் ஆணி, ஆணியெல்லாம் டயர். அவன் வண்டியை ரிப்பேர் செய்வது அபூர்வம். ரிப்பேர் என்பது வேறு பிழைப்பு இல்லாதவன் செய்கிற வேலை என்பது அவன் எண்ணம். அவன் செய்வது ஒப்பனை. வண்டியின் வழுக்கை டயரைக் கழற்றிவிட்டு, ஆணியில் தொங்குகிற நல்ல டயரை மாட்டி அனுப்புவான். புகை கக்குகிற எஞ்சினில் கெட்டி ஆயிலை ஊற்றி அதன் வாயைக் கொஞ்ச நேரத்துக்கு அடைப்பான். ஹேண்ட் பிரேக்கை முறுக்கு முறுக்கு என்று முறுக்கி வைப்பான். அது மைதானத்தின் வாசலைத் தாண்டும்வரை பிடிக்கும். அதற்கப்புறம் பிடிக்காவிட்டால் அவனுக்கென்ன, அவன் என்ன அந்த வண்டியிலா போகப்போகிறான்? சான்றிதழ் கைக்கு வந்ததும் வண்டி பட்டறைக்குத் திரும்பும். டயர் ஆணிக்கு ஏறும். வண்டி தன் சொந்த வழுக்கையோடு ரோட்டுக்குப் போகும்.

இதில் அவனுக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. சோதிக்கிறவர்கள் எல்லாம் பேனா பிடித்த பொம்மைகள். வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லாம் கஞ்சர்கள். ஓட்டுகிறவர்களோ, கேட்கவே வேண்டாம். மனிதனாகப் பிறந்தவன் தான் ஒருத்தன்தான் என்கிற நினைப்பில் அந்த ஆள் பல்குச்சியைக் கடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், போகிறவனுக்கு ஒரு அறை விடலாமா என்று தோன்றும். நிறையப் பேருக்குத் தோன்றியிருக்கிறது. வண்டி பாஸாக வேண்டுமே என்று கையைப் பையில் போட்டுக்கொள்வார்கள்.

தப்பித்தவறி உண்மையான ரிப்பேர் கேட்டு யாராவது வந்துவிட்டால் அவன் பாடு கொண்டாட்டம். ஒருநாள் ஒரு வேன் டிரைவர் வந்தான், வண்டி ஆயில் குடிக்கிறது என்று.

"எவ்வளவு குடிக்குது?"

"தெரியலையேண்ணே. நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

பாஸ்மார்க் எஞ்சினிலிருந்து ஆயில் குச்சியை உருவினான். மேல்கோடு வரைக்கும் ஆயில், புத்தம்புதுசாகப் பளபளத்தது.

"இப்ப ஊத்தினியா?"

"ஆமாண்ணே. உங்ககிட்ட வர்றோமே, வெறுமனே வரக்கூடாதுன்னு வழியில நிறுத்தி ஊத்திட்டு வந்தேன்."

"எரும மாடு! குடிச்சது போக மிச்சம் எவ்வளவு இருக்குன்னு பாக்கத்தான்டா குச்சியே வெச்சிருக்கான். ஊத்திட்டு வந்து குச்சியை நீட்டினா உன் கை எவ்வளவு தாராளம்னுதான் தெரியும், வண்டியோட லட்சணம் எப்படித் தெரியும்? உன்னை எல்லாம் எவன்டா பெத்தான்? போ, நாளைக்கு ஊத்தாம வா."

இந்தக் கதையை டீக்கடையில் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். கேட்டவர்களும் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் இன்னொரு தடவை சொல்லுவான்.

அவனுக்கு ஒரு பெண்டாட்டி, ஒரு மகள். பெண்டாட்டி துணி ஆலையில் சட்டைக்குக் காலர் தைக்கிறவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற மாதிரி இருக்கும். மகள் இப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். பிறந்தபோது அவ்வளவு பொடிசாக இருந்ததால் கடுகு என்று கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது.

அந்தக் கடுகு ஒருநாள் காலையில் கண் திறக்க முடியாமல் எழுந்தது. இமை இரண்டும் வீங்கி, முகம் ஊறவைத்த ரொட்டி மாதிரி இருந்தது.

"குப்புறப் படுத்திருப்பா. கழுவினாச் சரியாயிடும்" என்றான் பாஸ்மார்க்.

"கால் ஏன் வீங்கியிருக்கு? காலாலயும் குப்புறப் படுத்தாளா?" என்று கேட்டுவிட்டுப் பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கிட்னியில் கோளாறு. ரத்தத்தில் இருக்க வேண்டிய சத்து வடிகட்டி வழியாக ஒழுகி மூத்திரத்தில் போய்க்கொண்டிருந்தது. முதலில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது. ஆனால் கன்னம் உப்பிப்போய், பசி பசி என்று பிள்ளை நாள் முழுக்கத் தட்டோடு அலைந்தது. கேட்டதும் கிடைக்காவிட்டால் கடித்தது. அந்த மாத்திரையைக் குறைத்தால் வீக்கம் திரும்ப வந்தது. கூட்டினால் போனது. குறைத்தால் வந்தது. இப்படியே கொஞ்ச காலம் ஆட்டம் காட்டிய பிறகு, கிட்னி டாக்டர் இரண்டாவதாக ஒரு மருந்தைச் சேர்த்தார்.

அந்த மருந்தைப் பற்றிச் சொல்ல இரண்டு பேரையும் உட்காரவைத்தவள் அந்தப் பிரிவின் சிஸ்டர். ஒல்லியான பொம்பளை. குரல் மட்டும் இரும்பை அரம் தேய்க்கிற மாதிரி.

"உடம்புல நோயை எதிர்க்குற சக்தி இருக்கு பாருங்க, அது உங்க பொண்ணுக்குத் தறிகெட்டுப் போய் சொந்தக் கிட்னியையே கெடுக்குது. இந்த மாத்திரை அதை அடக்கி வைக்கும்."

"அதை அடக்கினா மத்த வியாதி எல்லாம் உள்ள வந்துடாதா?" என்றான் பாஸ்மார்க், ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில்.

"வரும். அதனாலதான் இவ்வளவு நேரம் உங்களோட உக்காந்திருக்கேன். காய்ச்சல்னா வீட்ல வெச்சுப் பாக்காதீங்க, உடனே எங்களுக்குச் சொல்லணும். அம்மை போட்ட பிள்ளைங்க பக்கத்துல இவ இருந்தான்னு தெரிஞ்சாலும் அன்னிக்கே சொல்லணும். எங்களைக் கேக்காம தடுப்பூசி போடக்கூடாது. வலி மாத்திரை, மூலிகை, பவுடர், எதையும் நீங்களா வாங்கிக் குடுக்கக்கூடாது. காலையிலயும் ராத்திரியிலயும் ஒரே நேரத்துக்கு மாத்திரை. உறையைத் திறந்து கொட்டக்கூடாது, முழுசா முழுங்கணும். நல்லா இருக்காளேன்னு நீங்களா நிறுத்தக்கூடாது. வாந்தி எடுத்துட்டா போன் பண்ணிக் கேளுங்க." மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியாகச் சொன்னாள்: "ரத்தம் எடுக்க வர்ற அன்னிக்கு மட்டும் காலை மாத்திரையை வீட்ல குடுக்காதீங்க. கையில எடுத்துட்டு வாங்க. ரத்தம் எடுத்த பிறகுதான் குடுக்கணும்."

பெண்டாட்டி எல்லாவற்றையும் மனசில் தைத்துக்கொண்டாள். பாஸ்மார்க் கொட்டாவி விட்டான்.

வீட்டில் எல்லாம் அவள் ராஜ்யம்தான். காலையில் பிள்ளையின் மூத்திரத்தில் ஒரு காகிதப் பட்டையை நனைத்துப் பார்ப்பாள். மஞ்சளாகவே இருந்தால் நல்லது, பச்சையானால் ஒழுகுகிறது என்று அர்த்தம். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மாத்திரை கொடுப்பாள். இருமுகிறவன், தும்முகிறவன் எவனும் வாசல்படி தாண்டமுடியாது.

அப்படிப் படியிலேயே நிறுத்தப்பட்டவர்களில் அவளுடைய சொந்த அண்ணனும் ஒருத்தன். அவன் வீடு வீடாகப் போய் சத்துப் பவுடர் விற்கிறவன். எந்த வியாதி என்று சொன்னாலும் அவன் பையில் அதற்கு ஒரு டப்பா இருக்கும். வியாதி இல்லை என்று சொன்னால் வராமல் இருப்பதற்கு ஒரு டப்பா. அவனுக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம்.

"மாப்பிள்ளை, பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி குறைஞ்சிருக்குன்னு கேள்விப்பட்டேன்" என்று படியில் நின்று மூக்கை உறிஞ்சினான். "தினம் ஒரு ஸ்பூன் போதும். சக்தி சும்மா பிச்சுக்கிட்டு ஏறும்."

"அது குறையலை மச்சான். குறைக்கிறதுக்குத்தான் மாத்திரை குடுக்குறோம்."

"யாராவது காசு குடுத்துக் குறைப்பாங்களா மாப்பிள்ளை? என்ன டாக்டர் அவன்?"

"ஒருத்தன் பிரேக்கை மிதிச்சுக்கிட்டிருக்கான். அதே வண்டியில நீ ஏறி ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறேங்குறே. உன் மூக்கை முதல்ல பாஸ் பண்ணு, அப்புறம் ஊருக்கு மருந்து விக்கலாம்."

சொல்வது சரிதான். யார் சொல்வது என்பதுதான் வேடிக்கை. மச்சான் டப்பாவைப் படியிலேயே வைத்துவிட்டுப் போனான். தங்கச்சிக்காரி அதை எடுத்து, பிரிக்காமல், அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டாள்.

ரத்தம் எடுக்கிற நாள் வந்தது. ஆலையில் லீவு கேட்டால் சூப்பர்வைசர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறான் என்று அவளால் வரமுடியவில்லை. மாத்திரையைத் தாளோடு கத்தரித்துப் புருஷன் கையில் வைத்தாள்.

"ரத்தம் எடுத்த பிறகு. ஞாபகம் இருக்கா?"

"சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றே."

"சின்னப் பிள்ளைக்கு ஒரு தடவை சொன்னாப் போதும்" என்று சொல்லிவிட்டு ஆலைக்குக் கிளம்பினாள்.

அவள் தெருமுனை தாண்டியதும் பாஸ்மார்க் மாத்திரை டப்பாவைத் திறந்து இன்னொன்றையும் கத்தரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ராத்திரியே யோசித்து வைத்துவிட்டான். மருந்து ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கப்போகிறார்கள். பார்க்கிற அன்றைக்கு மருந்து கொடுக்காமல் வா என்கிறார்கள். இதைவிடப் பச்சையாக ஒருத்தனை ஃபெயிலாக்க முடியுமா? சோதனைக்கு எவனாவது வண்டியைத் தள்ளிக்கொண்டு போவானா? பேனா பிடித்த பொம்மைகளை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவன் அவன். ஆஸ்பத்திரிப் பொம்மைக்கு வெள்ளைக் கோட்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வேனில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளிடம் பெண்டாட்டி கொடுத்த மாத்திரையை நீட்டினான்.

"ரத்தம் எடுத்த பிறகுன்னு அம்மா சொன்னாங்களே?"

"அம்மாவுக்கு மிஷின்தான் தெரியும். சோதனையைப் பத்தி அம்மாவுக்குத் தெரியுமா, அப்பாவுக்குத் தெரியுமா?"

"அப்பாவுக்கு."

"ஃபெயிலானா பெரிய ஊசி போடுவாங்க. வேணுமா?"

"வேணாம்."

"அப்ப முழுங்கு. யார்கிட்டயும் மூச்சு விடாதே. இது நம்ம ரெண்டு பேரோட வித்தை."

கடுகுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவுக்கும் தனக்கும் ஒரு வித்தை.

ஆஸ்பத்திரி வரிசை ஊர்ந்து ஊர்ந்து நகர்ந்தது. அவர்கள் முறை வந்தபோது சிஸ்டர் கேட்டாள்: "காலை மாத்திரை குடுத்தாச்சா?"

"இல்லையே சிஸ்டர். இதோ கையில இருக்கு பாருங்க" என்று பையிலிருந்த இன்னொரு மாத்திரையை எடுத்துக் காட்டினான். முகத்தில் ஒரு கோடு அசையவேண்டுமே! வண்டிகளோடு இத்தனை வருஷம் பழகிய முகம்.

ரத்தம் எடுத்தார்கள். "இப்பக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் அடுத்த பிள்ளையின் கையைப் பிடித்தாள். அவன் மகளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் குடிக்கவைத்தான். மாத்திரை திரும்பப் பைக்குள் போனது. சாயங்காலம் பைக்குள்ளிருந்து டப்பாவுக்குப் போனது. டயர் ஆணிக்கு ஏறுகிற மாதிரி.

டாக்டர் போன் செய்தார். மருந்து ரத்தத்தில் அளவுக்கு மேலே இருக்கிறது, அப்படி இருந்தால் அதுவே கிட்னியைக் கெடுக்கும், கொடுக்கிற அளவைக் குறைக்கிறோம் என்றார்.

"அளவுக்கு மேல பாஸ்!" என்று டீக்கடையில் தொடையைத் தட்டினான் பாஸ்மார்க்.

அடுத்த தடவையும் அதே வித்தை. அளவு திரும்பவும் மேலேதான் நின்றது. டாக்டர் இன்னும் குறைத்தார். பெண்டாட்டிக்கு மட்டும் நெஞ்சு உறுத்தியது.

"நேரம் தவறாம அளவாத்தானே குடுக்குறேன். எப்படி மேல போகும்?"

"மருந்து குறைஞ்சா நல்லதுதானே? எதுக்கு மூஞ்சியை இப்படி வெச்சிருக்கே?"

அப்புறம் ஒருநாள் காகிதப் பட்டை லேசாகப் பச்சை காட்டியது. பட்டை பழசு என்றான் அவன். மறுநாள் இன்னும் பச்சை. பட்டை டப்பாவை வெயிலில் வைத்திருப்பாய் என்றான். அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளைக்கு சாக்ஸைக் கழற்றினால், சாக்ஸின் விளிம்பு காலில் வாய்க்கால் வெட்டின மாதிரி பதிந்திருந்தது.  இந்தத் தடவை பெண்டாட்டி அவன் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். சேர்த்துவிட்டார்கள்.

வார்டில் டாக்டர் முதலில் கேட்ட கேள்வி: "வேற ஏதாவது பவுடர், நாட்டு மருந்து குடுத்தீங்களா?"

பெண்டாட்டிக்கு அலமாரி மேலே கிடக்கிற டப்பா ஞாபகம் வந்தது. பிள்ளையைப் பார்க்க வந்த அண்ணனை வராந்தாவிலேயே மடக்கினாள்.

"நான் வேலைக்குப் போன நேரத்துல வந்து குடுத்தியா?"

"என் கண்ணு ரெண்டும் அவிஞ்சு போகட்டும். படியைத் தாண்ட நீ என்னை விட்டியா?"

"உன் வியாபாரத்துக்கு என் பிள்ளைதான் கிடைச்சாளா? போ அண்ணே. இனி படிக்குக்கூட வராதே."

அந்த மூக்கு ஒழுகுகிற ஆள், வயசான காலத்தில் வராந்தாவில் நின்று அழுதான். பாஸ்மார்க் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பல்குச்சி ஒன்றுதான் குறை. "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று வேறு ஒரு வார்த்தை போட்டான். அவன் நடிக்கவில்லை. மச்சான்தான் காரணம் என்று மனசார நம்பினான். அதுதான் அவனைப் பற்றிச் சொல்லவேண்டியதில் கேவலமான விஷயம்.

மறுநாள் மத்தியானம் டாக்டர் கையில் காகிதங்களோடு திரும்ப வந்தார். இளவயசுக்காரர். முகத்தில் குழப்பம்.

"ரத்தத்துல மருந்து நல்லாவே இருந்திருக்கு. அதிகம்னுதான் நாங்களே குறைச்சோம். அப்படியும் நோய் அடங்கலைன்னா இந்த மருந்து இவளுக்குக் கேக்கலைன்னுதான் அர்த்தம். நாளைக்கு ஒரு ஊசி விட்டு, கிட்னியிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பாத்துடலாம். அப்புறம் இதைவிட வலுவான மருந்துக்குப் போகணும்."

"வலுவானதுன்னா?" என்றாள் பெண்டாட்டி.

"உடம்பைப் படுத்துறதும் வலுவாத்தான் இருக்கும்மா" என்றார் டாக்டர், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் போனபிறகும் விடவில்லை.

பக்கத்துக் கட்டிலில் அன்றைக்குத்தான் இதே மருந்தைத் தொடங்கிய ஒரு பையன். அவன் அம்மாவிடம் சிஸ்டர் அதே அரம் போட்ட குரலில் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பாஸ்மார்க்குக்குக் கேட்க இஷ்டமில்லை. ஆனால் காதை மூடிக்கொள்ளவா முடியும்?

"ரத்தம் எடுக்குற அன்னிக்கு ஏன் சிஸ்டர் முன்னாடியே குடுக்கக்கூடாது?" என்று அந்த அம்மா கேட்டாள். எளிய கேள்வி. வாயைத் திறந்து கேட்டால் போதும். பாஸ்மார்க்குக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை.

"நேத்து ராத்திரி குடுத்தது இவ்வளவு நேரம் தாக்குப்பிடிச்சு, செலவானது போக எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்குறதுக்குத்தான் அந்தச் சோதனையே. முழுங்கிட்டு வந்தா அளவு உச்சிக்கு ஏறிக் காட்டும். நாங்க அதிகம்னு நினைச்சு மருந்தைக் குறைப்போம். பிள்ளைக்கு மருந்து பத்தாமப் போயிடும்."

குடிச்சது போக மிச்சம்.

அந்த வேன் டிரைவர் கண் முன்னால் வந்து நின்றான். வெறுமனே வரக்கூடாது என்று வழியில் ஊற்றிக்கொண்டு வந்த எரும மாடு. ஆயில் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு அவனை என்னவெல்லாம் கேட்டோம், அவனைப் பெத்தவனைக்கூட விடவில்லையே என்று பாஸ்மார்க்குக்குக் காது இரண்டும் சுட்டது.  

உடனே எழுந்து போய் உண்மையைச் சொன்னான் என்று எழுத ஆசைதான். அந்த ஆளை அவ்வளவு லேசில் எடைபோட வேண்டாம். வராந்தாவுக்குப் போனான். ஒரு டீ வாங்கினான், குடிக்காமல் கொட்டினான். சொல்லாமலே சரிசெய்ய ஏதாவது குறுக்குவழி இருக்கிறதா என்று பார்த்தான். மிஷின் கோளாறாக இருக்கும், திரும்ப ரத்தம் எடுங்கள் என்று சண்டை போடலாமா? பிள்ளை மாத்திரையைத் துப்பிவிட்டது என்று பழியை அதன் தலையில் போடலாமா? மச்சான் தலையில் ஏற்கெனவே கிடக்கிற பழியை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த சோதனைக்கு ஒழுங்காக வந்தால் தானே சரியாகிவிடாதா? ஆனால் அடுத்த சோதனை எங்கே இருக்கிறது? நாளைக்கு ஊசி. அதற்கப்புறம் வேறு மருந்து. கேட்கிற மருந்தைக் கேட்காத மருந்து என்று தூக்கி எறியப்போகிறார்கள், இவன் ஒருத்தன் பாஸாகணும் என்பதற்காக.

அப்படியும் வாய் வரவில்லை. திரும்ப உள்ளே வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான். பெண்டாட்டி முகம் கழுவப் போயிருந்தாள். கடுகு வீங்கின கண்ணைச் சின்னக் கீறலாகத் திறந்து, அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது. காதுக்குக் கிட்டே வரச்சொன்னது.

"அப்பா, நான் யார்கிட்டயும் சொல்லலைப்பா."

"ம்."

"மாத்திரை எல்லாம் முழுங்கினேன்ல? அப்புறம் ஏம்ப்பா ஊசி போடுறாங்க? நான் ஃபெயிலா?"

பாஸ்மார்க் எழுந்தான். நேராக சிஸ்டரின் மேஜைக்குப் போனான்.

"ரத்தம் எடுக்குற அன்னிக்கு நான் மாத்திரையை முன்னாடியே குடுத்துட்டேன்."

சிஸ்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடவில்லை. "எந்த அன்னிக்கு?"

"எல்லா அன்னிக்கும்."

"நான் கேட்டேனே. கையில மாத்திரையை எடுத்துக் காட்டினீங்களே."

"அது வேற மாத்திரை. காட்டுறதுக்கு."

"காட்டுறதுக்கு!" சிஸ்டர் இப்போதுதான் நிமிர்ந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் அவனும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பான். அவளோ, பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கிற எதையோ பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். "எதுக்கு?"

"பாஸாகணும்னு."

"யாரு?"



டாக்டரைக் கூப்பிட்டார்கள். மறுநாள் காலையில் மாத்திரைக்கு முன்னால், சிஸ்டர் கண் எதிரே, ரத்தம் எடுத்தார்கள். மருந்து இருக்கவேண்டிய அளவில் பாதிகூட இல்லை. ஊசியை இப்போதைக்குத் தள்ளிவைத்தார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, தள்ளித்தான் வைத்தார்கள். மருந்தின் அளவைத் திரும்ப ஏற்றி, பசி காட்டிய முதல் மாத்திரையையும் கூட்டி, பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். அவனைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் பெண்டாட்டியிடமே சொன்னார். சுவரில் மாட்டியிருக்கிற நாள்காட்டிக்குக் கிடைக்கிற மரியாதைகூட அவனுக்குக் கிடைக்கவில்லை. கிடைக்கவும் கூடாது.

பெண்டாட்டி எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"வண்டிக்குப் பண்றதை வண்டியோட நிறுத்திக்கங்க. இது நான் பெத்தது. இதுக்கு உதிரி டயர் கிடையாது."

அவ்வளவுதான். அப்புறம் அவள் அவனோடு பேச ரொம்ப நாள் ஆனது. அதற்கு நடுவில் சொன்ன ஒரே வார்த்தை, "எங்க அண்ணன்கிட்ட போங்க" என்பது.

போனான். மச்சான் வீட்டு வாசலில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, தப்பு தன்னுடையது என்று சொன்னான். மச்சான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெருந்தன்மையாகக் கேட்டான்.

"பரவாயில்லை மாப்பிள்ளை, மனுஷன்னா தப்புப் பண்ணத்தான் செய்வான். ஆனா உங்க முகம் ரொம்ப வாடியிருக்கே. மனக்கவலைக்குன்னே ஒரு டப்பா வந்திருக்கு..."

பாஸ்மார்க் அந்த டப்பாவைக் காசு கொடுத்து வாங்கினான். இந்தத் தண்டனை போதாது என்பவர்கள் அந்தப் பவுடரைத் தின்று பார்க்கவேண்டும்.

அந்த ஆள் திருந்திவிட்டான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பட்டறையில் டயர் இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. இன்றைக்கும் வழுக்கை வண்டிகள் அவன் வாசல் வழியாகத்தான் பாஸாகின்றன. ஒன்றே ஒன்று, அந்த வேன் டிரைவர் கதையை இப்போது சொல்வதில்லை. டீக்கடையில் வேறு யாராவது எடுத்துக்கொடுத்தால்கூட டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறான்.

கடுகுக்கு வீக்கம் மெல்ல மெல்ல வடிந்தது. காகிதப் பட்டை பச்சையிலிருந்து மஞ்சளுக்கு, ஒரு அடி முன்னே வைத்து அரை அடி பின்னே வைத்துத் திரும்பியது. மறுபடியும் ரத்தம் எடுக்கிற நாள் வந்தது. பெண்டாட்டி லீவு கேட்டாள், சூப்பர்வைசர் கொடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் மாத்திரையை அவன் கையில் வைத்தாள். மாத்திரை டப்பாவைத் தன் பையில் போட்டுக்கொண்டு ஆலைக்குப் போனாள்.

ஆஸ்பத்திரியில் பெஞ்சு நிறைய அம்மாக்கள், பிள்ளைகள். வரிசையில் அவர்கள் முறை வந்ததும் சிஸ்டர் தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"மாத்திரை?"

உள்ளங்கையைத் திறந்தான். வேர்வையில் தாள் நனைந்திருந்தது. வீட்டிலிருந்து கையை மூடியபடியே வந்திருக்கிறான்.

"சட்டைப் பை?"

பெஞ்சில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாஸ்மார்க் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினான். ஒரு பல்குச்சி விழுந்தது.

"பேன்ட் பை?"

இரண்டு பையையும் இழுத்தான். ஒரு நட்டு தரையில் உருண்டு ஓடியது. ஒரு துண்டு வயர், கொஞ்சம் எண்ணெய்ப் பஞ்சு. இரண்டு பக்கமும் பை நாக்கைத் தொங்கப்போட்ட மாதிரி தொங்க, எத்தனையோ வண்டியைக் கண் சிமிட்டாமல் பாஸ் பண்ணிவிட்ட அந்த ஆள், ஒரு ஒல்லிப் பொம்பளைக்கு முன்னால் கையைத் தூக்காத குறையாக நின்றான். ஒரு பிள்ளை சிரித்தது. அதன் அம்மா அடக்கினாள், ஆனால் மனசில்லாமல் அடக்கினாள்.

சிஸ்டர் கடுகின் பக்கம் குனிந்தாள். "வேன்ல வரும்போது ஏதாவது முழுங்கினியா?"

கடுகு முதலில் அப்பாவைப் பார்த்தது. அவன் தலையை ஆட்டினான், சொல்லு என்று.

"இல்லை சிஸ்டர். அப்பா கையைத் திறக்கவே இல்லை. நான் திறக்கச் சொல்லிக் கிள்ளினேன். அப்பவும் திறக்கலை."

ரத்தம் எடுத்தார்கள். பஞ்சை வைத்து ஒட்டினார்கள். அதற்கப்புறம்தான் அவன் தாளைக் கிழித்து மாத்திரையை மகளின் கையில் வைத்தான்.  கடுகு தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டு, சிஸ்டர் கேட்காமலே வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டியது.

"சரி, போகலாம்" என்றாள் சிஸ்டர் பிள்ளையிடம். அவனிடம், "பையை உள்ள விட்டுக்கங்க" என்றாள்.